அளவு தெரியவில்லை என்று அம்மா சொன்ன பின்னேரம்

அம்மாவின் முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்கு வெளியிடும் இந்நினைவு மலரில் அவர் செய்த நன்மைகளை எழுதும்படி உறவினர்கள் கேட்டார்கள். அவர் விட்ட ஒரு பிழையை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

சுன்னாகத்தில் பிறந்து, தாதியாகப் பயின்று கொழும்புக்கு வந்தவர் அம்மா. அப்பா இளவயதில் காலமானபின் என்னையும் தம்பியையும் தனியாகவே வளர்த்தார். ஓய்வுபெற்ற பிறகும் எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அயலவர்களுக்கு ஊசி போட்டுவந்தவர் அவர்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம், பல்கனியில் கடல் வெயிலைப் பார்த்து நின்றவர், கீழ்வீட்டு மாஸ்டருக்கு இன்சுலின் போட இறங்கினார். நானும் போனேன். கரண்ட் இல்லை. மங்கலான அறையில் ஊசி போட்டு முடித்ததும் அம்மாவின் முகம் மாறியது. என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

“பிள்ளை, ஊசியிலை கோடு ஒண்டும் தெரியேல்லை. கைப்பழக்கத்திலை இழுத்திட்டன். கூடிப்போச்சோ தெரியாது.”

“சொல்லாதேங்கோ அம்மா. சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி குடுப்பம்,” என்றேன். அவருடைய பெயர் கெட்டுவிடும் என்பதே என் பயம்.

“தனிய இருக்கிற மனுசன். சொல்லாட்டிப் படுத்திடுவார். நித்திரையிலை சீனி இறங்கினால் எழும்பமாட்டார்.”

சீனி கூடப் போட்ட தேத்தண்ணியோடு நேரே போய்ச் சொன்னார்: “மாஸ்டர், மருந்து கூடியிருக்கலாம். என்ரை பிழை. இதைக் குடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ.”

“உங்கடை கை பிழைக்காது,” என்று அவர் சிரித்தார். அம்மா விடவில்லை.

முச்சக்கரவண்டி காலி வீதி நெரிசலில் நின்றபோது மாஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியது. பேச்சுக் குழறியது. அம்மா அவர் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பெயரைச் சொல்லச் சொன்னார். “மல்லி, இக்மனட்ட!” என்று சிங்களத்தில் சாரதியை அவசரப்படுத்தினார். வைத்தியசாலையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாஸ்டர் கண் திறந்து கதைக்கும்வரை அம்மா கதிரையில் இருக்கவில்லை.

அடுத்த கிழமை கண் டாக்டரிடம் போனோம். “கண்ணிலை நோய் வருத்தம் ஒண்டும் இல்லை அம்மா, வயதுதான். வெளிச்சத்தை உணருற கலங்களுக்கு ஓயாமல் சக்தி வேணும். வயது போகப்போக அந்தச் சக்தி உண்டாகிறது குறையும். வெயிலிலை இருந்து இருட்டுக்கு வந்தால் கண் பழக நேரம் எடுக்கும்.”

“மருந்து?” என்றார் அம்மா.

“இதுக்கெண்டு ஒண்டும் இல்லை. நல்ல வெளிச்சத்திலை, பொறுத்துப் பாருங்கோ.”

அன்றே அம்மா வீடு வீடாகக் கதவைத் தட்டினார். நடந்ததைச் சொல்லி, “இனி ஊசிக்கு வேறை ஆளைப் பாருங்கோ,” என்றார். ஒவ்வொரு வாசலிலும் நான் தலைகுனிந்து நின்றேன். அவர் குனியவில்லை.

சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து, நான்கு நாட்களில் எங்களை விட்டுப் பிரிந்தார். அந்த நான்கு நாளும் கட்டிலருகே இருந்த மாஸ்டருக்கும், இறுதிக்கிரியைகளில் தோள்கொடுத்த அயலவர்களுக்கும், பெயர் தெரியாத அந்தச் சாரதிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றிகள்.

அன்று அம்மா என் சொல்லைக் கேட்டிருந்தால், இம்மலரைக் கையில் வாங்க மாஸ்டர் இருந்திருக்க மாட்டார். முதற்பிரதி அவருக்கே.

மகள்