புஷ்பம் அக்காவுக்கு நான் மாத்திப் படிச்ச கதை

வெள்ளிக்கிழமைதான் தொடர்கதை போடற வாரப் பத்திரிகை வர்ற நாள். கோணிப்பை தைக்கிற எங்க கிடங்குல நான் வாசல்ல காலை வைக்கறதுக்கு முன்னாடியே "வந்துச்சாடி?"ன்னு நாலு பேர் கேட்பாங்க. அன்னிக்கி பத்திரிகைய முந்தானையில சுத்திக்கினு உள்ள நுழையறேன், ஒருத்தரும் கேக்கல. ஜைத்தூன் அக்கா மட்டும் தைக்காம நின்னுக்கினு இருந்தாங்க. "ருக்கு, பொஸ்தகத்த அப்பால வை. புஷ்பம் நேத்து போயிட்டாடி. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் வந்து சூசைகிட்ட சொல்லிட்டு போயிருக்காங்க"ன்னாங்க. நான் பத்திரிகைய வைக்கல. "இல்லக்கா, நாளைக்கி சனிக்கிழமை, நான் போய்ப் படிக்கணும்"னு முட்டாளாட்டம் பதில் சொன்னேன்.

நம்ம படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகையில மாசா மாசம் காதல் தொடர்கதைங்களப் பத்தி அபிப்பிராயம் எழுதற ராயபுரம் ருக்கு நான்தான். ஒரு வரிக்கு மூணு ஆச்சரியக்குறி போடறேன்னு நீங்க எல்லாரும் கேலி பண்ற அதே ருக்கு. பள்ளிக்கூடம் போனதில்ல. கடை போர்டும் மளிகைப் பொட்டலக் காயிதமும் பார்த்து எழுத்துக் கூட்டக் கத்துக்கினவ. அதனால இலக்கணமா எழுத வராது, பேசறாப்பலதான் வரும். இந்த வாட்டி ஆச்சரியக்குறி கிடையாது.

புஷ்பம் அக்காவ உங்களுக்கும் தெரியும். ஞாயித்துக்கிழமை படிப்பகத்துல இந்தப் பத்திரிகைய சத்தமாப் படிக்கும்போது, பின்னாடி பெஞ்சுலேர்ந்து "பொய்யி, பொய்யி"ன்னு ஒரு கொரலு வருமே, அது அவங்கதான். பக்கத்துல, அவங்க கையப் பிடிச்சு இழுத்து உக்கார வைக்கறவரு அவங்க வூட்டுக்காரர், சூசை அண்ணன். துறைமுகத்துல கரி இறக்கறவர். ரெண்டு பேருக்கும் ஒரு எழுத்து தெரியாது.

எனக்கு இந்த வாழ்வு குடுத்ததே அக்காதான். கிடங்குல நான் சேர்ந்த புதுசுல, சாப்பாட்டு நேரத்துல மூலையில உக்காந்து தொடர்கதைய முணுமுணுன்னு படிப்பேன். ஒரு நாள் அக்கா என் மடியிலேர்ந்து கோணிய உருவிக்கினாங்க. "நீ வாயத் தொற. உன் பங்கு சாக்க நாங்க தச்சுக்கறோம்"னாங்க. அன்னிலேர்ந்து அதுதான் வழக்கம். பத்து பொம்பளைங்க ஊசி குத்துவாங்க, நான் படிப்பேன், சாயங்காலம் என் பேருல பத்து பேர் தச்ச சாக்கு அடுக்கி இருக்கும். கதை சோகமாப் போனா தையல் கோணும். மேஸ்திரி வந்து பார்த்துட்டு, "இன்னிக்கி யாரு செத்தாங்க?"ன்னு கேட்பாரு.

அக்காவுக்கு எழுத்து தெரியாதே தவிர, படத்த அவங்களாட்டம் படிக்கற ஆள நான் பார்த்ததில்ல. கட்டம் கட்டமா படம் போட்டு ஒரு காதல் சித்திரக்கதை வந்துக்கினு இருந்துச்சு. நான் உருகி உருகிப் படிக்கறேன். அக்கா எட்டிப் பார்த்துட்டு, "இவன் போன வாரம் வலது பக்கம் வகிடு எடுத்தான், இந்த வாரம் இடது பக்கம். ரெண்டு பேர்டி இவன். அந்தப் பொண்ணுகிட்ட யாருனா சொல்லுங்க"ன்னாங்க. மூணு நாள் எங்களால அந்தக் கதைய ஒழுங்காப் படிக்க முடியல, சிரிப்பு.

அவங்களுக்குப் பெரிய கோபம், கதாநாயகிங்க சாப்பிடறதே இல்லன்றது. "ரெண்டு மாசமா பாக்கறேன், இவ எல்லாருக்கும் காபி கொண்டாந்து குடுக்கறா. பால்கனியில நிக்கறா. நிலாவப் பாக்கறா. ஒரு வாய் சோறு தின்னாளா? எழுதறவன் வூட்டுல பொம்பளைங்க சாப்பிடறத அவன் பார்த்ததே இல்ல போல"ன்னு சொல்வாங்க. இதை நான் நம்ம பத்திரிகையில என் சொந்த அபிப்பிராயமாட்டம் எழுதினேன். நீங்க எல்லாம் பாராட்டினீங்க. அது அக்காவோடது. இப்ப சொல்லிட்டேன்.

ஒரே ஒரு விசயத்துலதான் எங்களுக்கு நிஜமான சண்டை. எனக்குக் கதை முடிவுல யாருனா சாவணும். அவ சாவணும், அவன் அவ போட்டோவ வச்சுக்கினு கடல் ஓரமா நடக்கணும். அப்பதான் அது காதல்னு இதே பத்திரிகையில ரெண்டு பக்கம் எழுதினவ நான். அக்கா கேட்டுட்டுக் கோணி ஊசிய என் பக்கமா நீட்டினாங்க. "சாவடிக்கறது சுளுவுடி. கண்ணாலம் பண்ணி வைக்கச் சொல்லு. ஆறாவது மாசம் வூட்டுல அரிசி இல்ல, மழை ஒழுவுது, அப்பவும் அவன் அவளப் பார்த்து சிரிச்சான்னு எழுதச் சொல்லு பாப்போம். அதுக்குத்தான் தெகிரியம் வேணும்"னாங்க. நான், "அது கதையாக்கா? அது நம்ம தெரு"ன்னேன். "நம்ம தெருவுல காதல் இல்லன்னு உனக்கு எவன் சொன்னான்?"ன்னாங்க. நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கல.

அக்காவோட இருமலு எப்ப ஆரம்பிச்சுதுன்னு யாருக்கும் தெரியாது. கோணித் தூசியில நாங்க எல்லாருமே இருமறவங்கதான். ரத்தம் வந்த அன்னிக்கி சூசை அண்ணன் அவங்களக் காசநோய் ஆஸ்பத்திரியில சேர்த்தாரு. இங்கேர்ந்து ரயில் ஏறி ஊர் எல்லை தாண்டிப் போவணும். நாலு மாசம் ஊசி போடணும்னு டாக்டர் சொன்னாரு. அண்ணனுக்குக் கப்பல் வந்தா வேலை, எப்ப வரும்னு தெரியாது. அதனால சனிக்கிழமை நான் பத்திரிகையோட போறதுன்னு ஆச்சு.

மூணாவது சனிக்கிழமையே அக்கா மூட்டை கட்டி வச்சிருந்தாங்க. "உக்கார முடியாம ஊசி குத்திட்டாங்கடி. நான் வூட்டுக்குப் போறேன். ஆவறது அங்க ஆவட்டும்"னாங்க. நான் கையக் கால பிடிச்சேன். அப்ப ஓடிக்கினு இருந்த தொடர்ல கல்யாணின்னு கதாநாயகி. அவளுக்கும் இதே சீக்கு, அவளும் ஆஸ்பத்திரியில கிடக்கறா, மோகன்றவன் தினம் வந்து பார்த்துட்டுப் போறான். "அவ பொறுத்துக்கினு கிடக்கலியாக்கா?"ன்னு கெஞ்சினேன். அக்கா ஒத்துக்கினாங்க. "சரி. கல்யாணி எப்ப வூட்டுக்குப் போறாளோ அன்னிக்கி நானும் போறேன். அதுவரைக்கும் இருக்கேன். அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த நிமிசமே கிளம்பிடுவேன், நீ தடுக்கக் கூடாது"ன்னாங்க. நான் சந்தோசமாத் தலையாட்டினேன். வேற யாருனா ஒரு உசுரத் தொடர்கதையில கட்டி வைப்பாங்களா? நாங்க கட்டினோம்.

ரெண்டே வாரத்துல கல்யாணி செத்துட்டா.

கிடங்குல எல்லாரும் ஓன்னு அழுதாங்க. நான் எவ்ளோ ஆசைப்பட்ட முடிவு! பாருங்க, ஆச்சரியக்குறி வந்துடுச்சு. மோகன் கடல் ஓரமாதான் நடந்தான். இத எழுதினவர் எதிர்ல இருந்தா கால்ல வுழுந்திருப்பேன். ஐயா, ஒரு மூணு மாசம் கழிச்சு சாவடியுங்கன்னு கேட்டிருப்பேன்.

சனிக்கிழமை அக்கா கட்டில்கிட்ட உக்காந்தேன். பத்திரிகையப் பிரிச்சேன். கடல் ஓரப் படத்த விரலால மூடிக்கினு, கல்யாணி கண்ணத் தொறந்தா, டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் ஊசி போடணும்னு சொன்னாருன்னு படிச்சேன். அதுல அப்படி ஒரு எழுத்து கூட இல்ல.

அதுக்கப்புறம் ஒம்பது வாரம். வெள்ளிக்கிழமை கிடங்குல பத்திரிகையில இருக்கறதப் படிப்பேன், சனிக்கிழமை ஆஸ்பத்திரியில இல்லாததப் படிப்பேன். கல்யாணி சாவவும் கூடாது, ஊசி முடியறதுக்கு முன்ன வூட்டுக்குப் போவவும் கூடாது. அதே பக்கத்துல புதுத் தொடர் ஆரம்பிச்சுட்டாங்க, ஒரு பொண்ணு சைக்கிள் ஓட்டற படம் போட்டு. அக்கா பார்த்துட்டாங்க.

"இவ யாரு புச்சா?"

"கல்யாணியோட சித்தி பொண்ணுக்கா."

"அக்காக்காரி ஆஸ்பத்திரியில கிடக்கறா, இவ சைக்கிள் ஓட்டிக்கினு கீறாளா? இன்னா குடும்பம்டி அது?"

அடுத்த வாரம் அந்தப் பொண்ண ஆரஞ்சுப் பழத்தோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தேன். அதுக்கு அடுத்த வாரம் மோகன் தூக்குல சோறு கொண்டு வந்தான். கல்யாணி, "நெத்திலி வறுத்துக் கொண்டாரலியா?"ன்னு கேட்டா. அக்காவுக்கு சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துடுச்சு. "பங்களாப் பொண்ணு நெத்திலி கேக்குதா? இந்த ஆளு இப்பதான்டி எழுதக் கத்துக்கினான்"னாங்க. ரயில்ல திரும்பும்போது எனக்கு அப்படி ஒரு கர்வம். அக்கா இளைச்சுக்கினே போறாங்கன்றத என் கண்ணு பாக்குது, மனசு அடுத்த வாரத்துக்குக் கதை கட்டுது.

கடைசி சனிக்கிழமை நான் பத்திரிகையப் பிரிக்கப் போனேன். அக்கா அது மேல கைய வச்சுட்டாங்க. கை தக்கையா இருந்துச்சு.

"வாணாம் ருக்கு. கல்யாணி செத்துட்டா, எனக்குத் தெரியும்."

பக்கத்துக் கட்டில்ல ஒரு டீச்சரம்மா. அவங்களுக்கும் அந்தப் பத்திரிகை வருது. அவங்க அதப் படிச்சு அழுதுக்கினு இருக்கும்போது அக்கா இன்னான்னு கேட்டிருக்காங்க. நான் பொய் படிச்ச முத வாரமே.

"தெரிஞ்சும் ஏங்க்கா கிளம்பல?"

"உன் கல்யாணி நல்லா இருந்தாடி. சோறு தின்னா. அதான் இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கினாங்க. "இன்னிக்கி அவள வூட்டுக்கு அனுப்பிடு. சூசைய இன்னிக்கே வரச் சொல்லு. எனக்கு வூட்டுக்குப் போவணும். அவரு மூஞ்சியப் பார்த்துக்கினு படுக்கணும்."

"இன்னும் மூணு வாரம்தான்க்கா ஊசி."

"சூசைகிட்ட சொல்றியா, இல்லியா?"

"சொல்றேன்க்கா."

அன்னிக்கி சாயங்காலமே துறைமுக கேட்டாண்ட சூசை அண்ணனப் பார்த்தேன். கரித்தூள் அப்பின மூஞ்சியோட ஓடியாந்தாரு. "எப்பிடி கீறா?"ன்னாரு. நான் சொன்னேன்: "நல்லா கீறாங்கண்ணே. ஊசி முடிஞ்சுதான் வருவேன்னு அவங்களே சொல்லிட்டாங்க." இன்னும் மூணு வாரம், மூணே வாரம், அப்புறம் நானே இட்டுக்கினு வந்துடுவேன்னு நெனச்சேன். கதையில தள்ளிப் போட்டுப் போட்டுப் பழகிட்டேன். நெசத்துலயும் தள்ளிடலாம்னு தோணிச்சு. அண்ணன் சரின்னுட்டு மறுநாள் கரிக்கப்பலுக்குப் போயிட்டாரு. வியாழக்கிழமை அக்கா போயிட்டாங்க, அந்தக் கட்டில்லயே, கூட யாரும் இல்லாம.

காசிமேடு கல்லறையில வச்சுட்டு வந்த மூணாம் நாள் அண்ணன் எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னாரு. உள்ள வரல.

"கடைசியா நீதான பார்த்தே. எனக்கு எதுனா சொன்னாளா?"

"இல்லண்ணே. தூங்கிக்கினு இருந்தாங்க."

அவரு தலைய ஆட்டினாரு. "எல்லாருக்கும் அந்த எடத்துல வூட்டு ஞாபகம் வருமாம், அங்க நர்சம்மா சொன்னாங்க. இவளுக்கு மட்டும் வரலியே. பன்னெண்டு வருசம் குடும்பம் பண்ணினேன். வூட்டுக்கு வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லலியே ருக்கு. அப்படி இன்னா கொறை வச்சுட்டேன்?"

அவரு போயிட்டாரு. அதுக்கப்புறம் ராத்திரி பகல் தெரியல எனக்கு. கிடங்குல படிக்கச் சொல்றாங்க, எழுத்து எல்லாம் ஊர்ந்து போவுது. ஜைத்தூன் அக்கா, "மூணு மாசம் அவள வச்சிருந்ததே நீதான்டி"ன்னு தேத்தறாங்க. வச்சிருந்தது யாருக்காகன்னு நான் என்னையே கேக்கறேன். அவங்களுக்காகவா, நான் சொன்ன கதைய ரசிக்க ஒரு ஆள் வேணும்னா? தெரியல. நெசமா தெரியல.

அக்காவோடதுன்னு என்கிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அந்தச் சனிக்கிழமை அவங்க சொல்லி அனுப்பின வார்த்த. அதுவும் எனக்குச் சொன்னது இல்ல. கொண்டு போய்க் குடுக்கச் சொன்னது. நான் குடுக்கல. நேர்ல போனா மறுபடியும் வாய் வேற எதனா சொல்லிடும், என் வாய் அப்படிப் பழகிடுச்சு. அதனாலதான் எழுதறேன். ஞாயித்துக்கிழமை படிப்பகத்துல சூசை அண்ணன் பின் பெஞ்சுல தனியா உக்காந்திருப்பாரு. அன்னிக்கி யார் முறை வந்தாலும் சரி, இத அவருக்குக் கேக்கறாப்பல படிங்க. அவரு அழுவாரு, நிறுத்தாதீங்க. பாவம்னு எதையும் வுடாதீங்க, நல்லதா எதையும் சேர்க்காதீங்க. எழுதினபடியே படிங்க.

சூசை அண்ணே, அக்கா தூங்கல. உங்க பேர சொன்னாங்க. "சூசைய இன்னிக்கே வரச் சொல்லு, எனக்கு வூட்டுக்குப் போவணும், அவரு மூஞ்சியப் பார்த்துக்கினு படுக்கணும்"னு சொன்னாங்க. உங்ககிட்ட ஒரு கொறையும் இல்ல. நான்தான் வந்து சொல்லல.