ஒரு வேலிச் சொல்லும் மூன்று வீட்டுக்காரரும்

லண்டனில் வேலி அடைக்கிறவனுக்கு எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் பகைதான். பக்கத்து வீட்டோடு முறைத்துக்கொண்டு வாழும் உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. எனக்குள்ள ஒரே கட்டுப்பாடு, பழைய தூண் நின்ற குழியிலேயே புதுத் தூணை நடுவது. அதைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடு.

நூல் பிடித்தவர்

டூட்டிங்கில் ஒரு ஜெர்மன் பெண்மணி. நான் குழி தோண்டத் தோண்ட, கள்ளனைக் காவல் காப்பதுபோல நூலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை முடிந்ததும் தேநீர் தந்து, வேலிக்குத் தங்கள் மொழியில் ‘ட்ஸவுன்’ என்று பெயர், இங்கிலிஷ் ‘டவுன்’ அதன் உடன்பிறப்பு என்றார். முன்னொரு காலத்தில் வேலியடைத்த இடம்தான் இங்கே மெல்ல மெல்ல ஊரானதாம். அப்படியென்றால் ஊர்களே என் தொழிலில் பிறந்தவையா என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன். அதுவும் பொறுக்கவில்லை அவருக்கு.

“ஊரைக் கட்டினவரே, அந்தக் கடைசித் தூண் சரிந்து நிற்கிறது.”

பூ மட்டும் பார்த்தவர்

நோர்பரியில் ஒரு டச்சுக்காரர். கொட்டும் மழையில் அடைத்து முடித்துவிட்டுக் கூப்பிட்டால், மனிதர் வேலியை ஏறிட்டும் பார்க்கவில்லை. செடி செடியாகக் காட்டிக்கொண்டு போனார். எரிச்சலில், ‘டவுன்’கூட வேலியில் பிறந்ததுதான் என்று ஜெர்மன்காரியின் கதையை எடுத்துவிட்டேன். தங்களிடமும் அதே சொல் ‘டாய்ன்’ என்று இருக்கிறது, ஆனால் அதன் பொருள் தோட்டம் என்றார். அப்போ வேலி எங்கே போனது என்று கேட்டேன்.

“அது எங்களுக்கு மறந்துபோய்விட்டது. உள்ளே இருந்ததுதான் மிச்சம்.”

அரை அடி

மோர்டனில் எங்கள் ஊர் ஆள், குகன் அண்ணை. பலகையெல்லாம் இறக்கிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மா மகளைப் பார்க்கக் கனடா போயிருக்கிறாவாம். திரும்பி வரமுதல் வேலியை அரை அடி அங்கால் தள்ளிப் போடட்டாம். அந்த அரை அடியில் அவவின் ரோசாச் செடிகள் வரிசையாகப் பூத்து நின்றன. ஏலாது என்றேன். பழைய குழியை விட்டு அசையமாட்டேன் என்றேன். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார்.

“தம்பி, ஊரில உம்மட கொப்பர் வருசா வருசம் வேலிக் கதியால் தடியளைத் தள்ளி நட்டவர் எண்டு எனக்குத் தெரியாதே?”

பலகைகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்த வழியெல்லாம், அப்பா செய்திருப்பாரோ என்ற ஒன்றைத்தான் யோசித்தேன். ஜெர்மன்காரருக்கு வேலியாய் நின்று, டச்சுக்காரருக்குத் தோட்டமாகி, இங்கிலிஷ்காரருக்கு ஊராய் வளர்ந்த அந்தச் சொல், எங்கள் ஆட்களிடம் வந்திருந்தால் வழக்காகத்தான் முடிந்திருக்கும்.