சேவல் கொலை வழக்கில் நான் சொன்ன தீர்ப்பு

என் நாத்தனார் வளர்த்த சேவல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காணாமல் போனது. மதியத்துக்குள் அது கொள்ளையும் கொலையும் சேர்ந்த வழக்காகிவிட்டது. குற்றவாளி என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய சொந்தத் தம்பி. போலீஸ், சாட்சி, நீதிபதி மூன்றும் அவளே. தண்டனை அன்றைக்கே அமலுக்கு வந்தது: இனி தம்பியோடு பேச்சு கிடையாது.

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் அவள் கீழே, நாங்கள் மாடி. இவர் இறங்கினால் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அக்கா கையால் வளர்ந்த மனுஷன். நாலே நாளில் பாதி ஆளாகிவிட்டார். கடைசியில் என்னிடம் வந்து, நீ கோர்ட்டுலதானே கீறே, எதனா பண்ணு என்றார்.

நான் இருப்பது கோர்ட் இல்லை, பாரிமுனையில் ஒரு வக்கீல் ஆபீஸின் டைப்பிங் மேஜை. இருபது வருஷமாகக் கிரிமினல் அப்பீல்கள் அடிக்கிறேன். கண்ணால் பார்த்த சாட்சி இல்லாத கொலை, நகைக்காக நடந்த கொலை, எல்லாம் என் விரல் வழியாகத்தான் மேலே போயிருக்கின்றன. எங்கள் தெருவைப் பொறுத்தவரை நானே ஹைகோர்ட். இல்லை என்று நானும் யாரிடமும் சொன்னதில்லை. நாத்தனார் கூட ஒப்புக்கொண்டு, வியாழக்கிழமை சாயங்காலம் மாடிக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

அவளிடம் நாலு ஆதாரம் இருந்தது. காலையில் அவள் கடைசியாகப் பார்த்தபோது சேவலுக்கு இவர் படிக்கட்டில் டீக்கடைப் பொரை பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இவர் லுங்கியில் சிவப்புக் கறை. எங்கள் ஜன்னலில் சேவல் இறகு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒப்புதல் வாக்குமூலம்: மத்தியானம் தெருவில் நின்று போனில் யாரிடமோ "கோயிய முட்ச்சிட்டேன்" என்று இவர் சொன்னதை அவள் காதாரக் கேட்டிருக்கிறாள்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். இந்த மாதிரி வழக்கில் அப்பீல் கோர்ட் ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியாக உரசிப் பார்க்கும், பிறகு எல்லாம் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிறதா என்று பார்க்கும், நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் ஆளை விட்டுவிடும் என்று விளக்கினேன். அறுக்காமல் விஷயத்துக்கு வரச் சொன்னாள் நாத்தனார்.

கடைசியாகப் பார்த்தது ஆறு மணி, தேட ஆரம்பித்தது பதினொன்று. அந்த இடைவெளியில் வேறு யாரும் குறுக்கே வந்திருக்க முடியாது என்றால்தான் அந்தச் சாட்சி நிற்கும். எங்கள் தெருவிலோ துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள், நாலு நாய், ஒரு பிரியாணிக் கடை. முன்விரோதம் என்று பார்த்தால், மூன்று மணிக்கே கூவுகிற அந்தச் சேவலைக் கொல்ல ஆசைப்படாத ஆளே தெருவில் கிடையாது, நான் உட்பட. இறகு கிடந்த ஜன்னலில் அது தினமும் ஏறி உட்காரும். இவரும் கண்ட இறகை எடுத்துக் காது குடைகிற ஆசாமி. கறையைக் கோர்ட் என்றால் பரிசோதனைக்கு அனுப்பும். நான் மோந்து பார்த்தேன். பெயிண்ட். இவர் பெயிண்டர், அந்த வாரம் முழுக்கத் திருவொற்றியூரில் ஒரு கோயில் மதிலுக்குக் காவிப் பட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

வாக்குமூலத்தில்தான் நான் ஜொலித்தேன். எங்கள் பக்கத்து வாயில் கோழி என்பது கோயி. இவர் மேஸ்திரியிடம் சொன்னதோ "கோயில முட்ச்சிட்டேன்". லாரி ஹாரன் ஒரே ஒரு ல-வை விழுங்கிவிட்டது, அவ்வளவுதான். மேஸ்திரிக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் கேட்டோம். கோயில்தான் என்றார் அவர். ஆனால் தெற்கு மதில் இன்னும் பாக்கி, முடித்துவிட்டேன் என்றது பச்சைப் பொய் என்றும் சேர்த்துச் சொன்னார். அதை நான் பதிவில் ஏற்றவில்லை.

சூடு பிடித்துவிட்டதால் நிறுத்த மனம் வரவில்லை. கொள்ளையடித்துக் கொலை செய்த வழக்கில், போன பொருள் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கோர்ட் துருவித் துருவிக் கேட்கும், இங்கே சேவல் யார் வயிற்றில் என்று யாராவது காட்டினார்களா என்று நாத்தனாரை மடக்கினேன். நீட்டியிருந்த காலை அவள் இழுத்துக்கொண்டாள். தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். சங்கிலி முழுமையாக இல்லை, சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்கிறேன் என்று முடித்தேன். எங்கள் ஆபீஸ் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர்.

இவர் முகம் மலரும் என்று பார்த்தேன். தொங்கிப்போனது.

"நா எதிரியா?" என்றார். "சந்தேகத்தோட பலன்னா, உனுக்கும் சந்தேகம் கீதா? நா எட்த்தேனா இல்லியா, அத மட்டும் சொல்லுமே."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஜன்னலில் கிடந்த இறகு கொஞ்சம் புதுசாக இருந்ததே என்று பாழாய்ப்போன மண்டையில் ஓடியது. அதிலேயே ஒரு நொடி போய்விட்டது. அந்த நொடியை இவர் பார்த்துவிட்டார்.

"அவன் எடுக்கல" என்றாள் நாத்தனார்.

தீர்ப்புக்குப் பிறகு சாட்சி பேசக்கூடாது என்று நான் ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை.

"யார் துன்னதுன்னு நீ கேட்டியே, அப்பதான் எனுக்கே உறைச்சுது. சின்ன வயசுலேர்ந்து இவன் எத ஆட்டைய போட்டாலும் பாதி என்னாண்ட குட்த்துடுவான். கோயிய அட்ச்சிருந்தா லெக் பீஸு எனுக்கு வந்திருக்கும். வர்ல."

இவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். அவள் முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்து, எழுந்து வாடா என்று கையைப் பிடித்துக் கீழே அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மேஸ்திரி, லாரி, நாய் என்று தெருவையே சாட்சிக்கு இழுத்தேன். இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் பண்ணிய நான், இந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று என்னையே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை.