அருப்புக்கோட்டையில் முப்பத்தொரு குழாய்க் குழிகள்

சாக்கடைத் திட்டத்தைப் பார்க்க யாராவது ஊர் விட்டு ஊர் போவார்களா என்று வீட்டில் சிரித்தார்கள். நான் போனேன். கல்லூரித் தோழன் முருகவேல், அருப்புக்கோட்டையில் பாதாளச் சாக்கடைக்கும் புதுக் குடிநீர்க் குழாய்க்கும் வரைபடம் போடும் தனியார் குழுவில் இருக்கிறான். "ஒரு நாள் வந்து பாருலே" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் அதிகாலை 4.50க்கு பஸ். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். பாளையம்பட்டி தாண்டும்போதே கிழக்கு வெளுத்துவிட்டது. 6.05க்கு இறங்கி, பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு, பத்து நிமிடம் நடந்தால் நெசவாளர் தெரு. இங்கே வீட்டுக்குள் பேசுவது கன்னடம், வாசலில் தமிழ்.

முருகவேல் வரைபடத்தை ஸ்கூட்டர் சீட்டில் விரித்தான். தெருவின் இடது ஓரமாகச் சாக்கடைக் குழாய். முதலில் அதற்குப் பள்ளம். புதுத் தண்ணீர்த் தொட்டி கட்டி முடிந்த பிறகுதான் குடிநீர்க் குழாய். அன்று மாலை நான்கு மணிக்கு நகராட்சியில் நடக்கும் கூட்டத்தில் இந்த வரிசை உறுதியாகிவிடும். படம் அழகாகத்தான் இருந்தது.

6.40க்குத் தண்ணீர். பெண்கள் வெளியே வந்து வாசலோரக் கடப்பைக் கற்களை நகர்த்தினார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒரு குழி, குழிக்குள் குழாய். தண்ணீருக்கு மேலே ஏறி வர வேகம் இல்லாததால், இவர்கள் கீழே இறங்கிப் பிடிக்கிறார்கள். முருகவேலின் முகம் செத்துவிட்டது. அவனுடைய ஆட்கள் தெருவை அளந்தது நடுப்பகலில், கற்கள் மூடியிருந்தபோது. வரைபடத்தில் ஒரு குழிகூட இல்லை. குழிகள் எல்லாம் இடது ஓரத்தில்தான்; அங்கே பள்ளம் தோண்டினால் முப்பத்தொரு வீட்டுக் குழாயும் போய்விடும்.

கடைசி வீட்டு சாவித்திரி அக்காவின் குழிதான் ஆழம். ஐந்து படி. முட்டி வலியோடு, குடத்தை இடுப்பில் வைத்துச் சுவரைப் பிடித்து ஏறினார்.

"புதுத் தொட்டி எப்ப சார் முடியும்?"

"ஒன்றரை வருசம் ஆவும்க்கா."

"அதுவரைக்கும் நாங்க எங்க போயிப் பிடிக்க?"

முருகவேல் டேப்பை எடுத்துக் குழிகளை அளக்க ஆரம்பித்தான். முதல் வீட்டில் ஒரு அடி, நடுவீட்டில் இரண்டே முக்கால், கடைசியில் நாலரை. பிறகு மேடு பள்ளம் பார்க்கும் மட்டக்கருவியை நிறுத்தி, ஒவ்வொரு குழாய் வாயையும் பார்த்தான். தெரு மேடேறிக்கொண்டே போகிறது. குழாய் வாய்களோ வீட்டுக்கு வீடு அரை விரற்கடை இறங்கிக்கொண்டே போகின்றன, ஒன்றுகூடப் பிசகாமல்.

"ஏலே, தண்ணி எவ்வளவு உசரம் ஏறும்ங்கிறதுக்கு நாங்க கம்ப்யூட்டர்ல போடுற கோடுலே இது!"

கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு இதை எப்படிச் சாதித்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன்.

"தண்ணி வார மட்டும் தோண்டினோம். வந்ததும் நிப்பாட்டிட்டோம். இதுல என்ன இருக்கு?"

எவ்வளவோ கோபுரங்களை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். குனிந்து பார்த்து வியந்தது இங்கேதான்.

போக நினைப்பவர்கள் தண்ணீர் வரும் நாளை விசாரித்துக்கொண்டு, ஆறரைக்குள் தெருவில் இருங்கள். வீட்டாரைக் கேட்காமல் குழியைப் படம் எடுக்காதீர்கள். குடம் நிறையும்வரை பேச்சுக் கொடுக்காதீர்கள். அவர்களுக்குக் கிடைப்பதே ஒரு மணி நேரம்தான். நகரத் திட்டம் போடுகிறவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து காலையில் போய் அளங்கள்.

கூட்டம் முடிந்து 5.20க்கு முருகவேல் வெளியே வந்தான். குழிகளின் அளவைக் காட்டியதும் வரிசை மாறிவிட்டது: முதலில் தொட்டியும் குடிநீர்க் குழாயும், அதற்குப் பிறகே சாக்கடைப் பள்ளம். அப்போதே இருவரும் சாவித்திரி அக்கா வீட்டுக்குப் போனோம். தறியை நிறுத்திவிட்டு வந்து, புதுத் தொட்டி வந்தால் தண்ணீர் வாசல் மட்டத்துக்கே ஏறும் என்பது வரை முழுவதையும் கேட்டார். குழியை ஒருமுறை பார்த்தார்.

"இதை மூடுற அன்னிக்கு மறக்காம சொல்லி விடுங்க சார். மொதக் கூடை மண்ணு நான்தான் போடுவேன்."