காசிம் பாயும் பால்பென் மீசையும்

காசிம் பாய் போய்விட்டார்... நேற்று மதியம், மாரடைப்பு. கோவில்பட்டியின் பழைய காமிக்ஸ் பைத்தியங்கள் இரண்டு பேரில் இனி நான் மட்டும்தான் பாக்கி.

அவருடைய ரெடிமேட் கடையில் துணி எடுத்தவர்களுக்குத் தெரியும். ஷோகேஸில் சட்டையெல்லாம் கூன் போட்டு நிற்கும். உள்ளே அட்டையே இருக்காது.

புதியம்புத்தூரிலிருந்து சட்டைச் சரக்கு வந்து இறங்கியதும் பாய்க்கு முதல் வேலை, கவரையும் அட்டையையும் உருவுவது. கவருக்குள் காமிக்ஸ்... அது வளையாமல் இருக்கப் பின்னால் அந்த அட்டை.

மகன் நிஜாம் புலம்புவான். பாய் அசர மாட்டார். "சட்டை அடுத்த மாசமும் வரும்லே... இந்தப் புஸ்தகம் வருமா?"

நான் ஆஃப்செட் பிரஸ்காரன். கிழிந்தால் ஒட்ட வேண்டும், மங்கினால் கலர் ஏற்ற வேண்டும் எனக்கு. பாய்க்கு அதெல்லாம் மகா பாவம்.

"இனிமே கெடாமப் பாத்துக்கிட்டாப் போதும்லே. வயசானவனுக்கு எதுக்குப் பவுடர் பூசுதே?"

அவருடைய உயிருக்கு உயிரான புத்தகம் ஒன்று. கடைசிப் பக்கம் கிடையாது. வில்லன் துப்பாக்கியைத் தூக்குவதோடு சரி... ஒருமுறை இரவல் கொடுத்தார். "அப்படியே திருப்பித் தரணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

நான் சும்மா இருப்பேனா? வெளியூர் நண்பரிடம் அந்தக் கடைசிப் பக்கத்தை ஸ்கேன் வாங்கி, பழைய நியூஸ்பிரிண்டில் அச்சடித்தேன்.

அட்டைப்பட ஹீரோவுக்கு யாரோ பால்பென்னில் மீசை வரைந்திருந்தார்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, அரை நாள் உட்கார்ந்து அதையும் எடுத்துவிட்டேன். ரொம்பப் பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

பாய் முகம் சுண்டிவிட்டது. "ஏலே... நான் ஆறாப்பு படிக்கையில வச்ச மீசைலே அது! என் மீசைக்கு மூத்த மீசை!"

புதுப் பக்கத்தைக் காட்டினேன். "இந்த டூப்ளிகேட்டையா ஒட்டப் போறே? குப்பையில போடுதேன் பாரு."

ஒரு மாதம் பேச்சே இல்லை. போன் பண்ணினாலும் எடுக்கவில்லை. எனக்குச் சோறே இறங்கவில்லை, சத்தியமாக.

அப்புறம் ஒருநாள் பிரஸ் வாசலில் அவர் ஸ்கூட்டர். "லே, பழைய புஸ்தகம் ஒண்ணு சிக்கியிருக்கு. தொடக்கூடாது. பாக்க மட்டும் வா."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர்தான் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்!

இன்று அடக்கம் முடிந்ததும் நிஜாம் ஒரு சட்டைக் கவரை நீட்டினான். "மாமா, இது ஒங்களுக்குத்தான்னு வாப்பா என்னைக்கோ சொல்லிட்டாவ."

அதே புத்தகம்... கடைசியில் நான் அச்சடித்த பக்கம். குப்பைக்குப் போகவே இல்லை! பசை இல்லை, ஸ்டேப்ளர் பின் இல்லை, சும்மா செருகி வைத்திருக்கிறார்.

அதில் ஜெயித்துவிட்டுச் சிரிக்கிற ஹீரோவுக்குப் பால்பென்னில் ஒரு மீசை. புது மீசை.

துக்க வீட்டில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எட்டிப் பார்த்த நிஜாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

ஒட்ட மாட்டேன் பாய். மீசையைத் தொடவே மாட்டேன்.

போயிட்டு வாங்க...