சொட்டிய படகு

என் அக்காவின் கணவர் குழாய் பழுதுபார்ப்பவர். ஒரு வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தால், அங்கு அவருக்குத் தேநீர்கூடத் தொண்டையில் இறங்காது. தெருவில் அவருக்கு 'ஒழுகல் டாக்டர்' என்றே பெயர்.

அக்காவுக்கு நுரையீரல் நோய் முற்றியிருந்தது. அடுத்த குளிர்காலத்தை அவள் தாண்டுவது கடினம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். படியேற முடியாதவள், "உட்கார்ந்த இடத்துலயே ஊர் நகரணும். கடல்ல இருந்து நம்ம ஊரை ஒரு தடவை பார்த்துடணும்" என்றாள். அதற்காக ஒரு பழைய டிராலர் படகைத் தேடினார்கள். மீன்பிடி விசைப்படகைப் போன்ற பருத்த உடல். உள்ளே படுக்கை, அடுப்பு, சிறு மேசை. கரையையொட்டி மெல்லச் செல்வதற்கு ஏற்றது.

ஒரு படகு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சன்னலோர இருக்கையை விட்டு அவள் எழவே இல்லை. திரைச்சீலைக்காகக் கண்ணாடியைச் சாண் போட்டு அளந்தாள்.

அத்தான் இயந்திர அறைக்குள் இறங்கினார். விற்பவர் இயந்திரத்தை ஓடவிட்டார். படகைத் தள்ளும் விசிறியைச் சுற்றும் சுழல்தண்டு, படகின் அடியைத் துளைத்துக் கடலுக்குள் செல்லும் இடத்தில் நீர் சொட்டியது.

"ஒழுகுதே!"

"அது சொட்டணும் சார். தண்டு சூடாகாம இருக்கத்தான் அந்தத் தண்ணி" என்றார் விற்பவர்.

"என்கிட்டயேவா? குழாயைப் பார்த்தே கிழவனானவன் நான்."

மேலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "ஏங்க, அவர்தான் சொல்றாரே. ஒரு வாளி வெச்சா ஆச்சு."

"ஓட்டைப் படகுல உன்னை நடுக்கடலுக்குக் கூட்டிட்டுப் போகவா?"

"நடுக்கடல் எதுக்கு? கரையோரமாவே போங்க. முங்கினாலும் முட்டியளவுதான்."

விற்பவர் சிரித்துவிட்டார். அத்தான் சிரிக்கவில்லை, படகையும் வாங்கவில்லை.

அதன் பின் அவர் துறை துறையாக அலைந்தார். பார்த்த படகுகளிலெல்லாம் எங்கேனும் ஓர் ஈரம் அவர் கண்ணில் பட்டது. அதற்குள் அக்கா திரைச்சீலைகளைத் தைத்து முடித்துவிட்டாள். "எந்தப் படகுக்குடி?" என்று அவர் கேட்டதற்கு, "நான் சாண் போட்டு எடுத்த அளவு அந்தப் படகோடது ஒண்ணுதான்" என்றாள். குளிர் தொடங்கும் முன்பே இறந்துபோனாள்.

சில மாதங்கள் கழித்து அத்தான் அதே படகை வாங்கினார். "இது வேற எதுக்கும் பொருந்தாது, மச்சான்" என்று திரைச்சீலைகளைக் காட்டினார். அவற்றை மாட்டியதும், தண்டைச் சுற்றியிருந்த திருகைச் சொட்டு நிற்கும்வரை இறுக்கினார்.

நாங்கள் இருவரும் புறப்பட்டோம். துறைமுகத்தைத் தாண்டியபின் கருகல் நாற்றம் எழுந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் கீழே இறங்கினார். தண்டைத் தொட்ட விரல்கள் கொப்புளித்தன. அது ஆறும்வரை காத்திருந்து, திருகைத் தளர்த்தினார். நீர் மீண்டும் சொட்டத் தொடங்கியது.

"சொட்டத்தான் வேணுமாம்" என்று அதன் அருகிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேலே, திரைச்சீலைகளுக்கு நடுவே எங்கள் ஊர் முழுவதும் தெரிந்தது.

"அத்தான், மேலே வாங்க. ஊர் தெரியுது."

"நீ பாரு" என்றார். அவர் எழவில்லை.