தாய்மாமன் வந்து சேர்ந்த நேரம்

கூடுவாஞ்சேரி ஷ்யாம்சுந்தரிடம் எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் உடனே விமானக் கணக்கு வரும். கோயம்புத்தூரா, ஒரு மணி நேரம் சொச்சம். ஹைதராபாத்தா, அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி. கம்பெனிச் செலவில் நாலைந்து முறை பறந்ததில், ரயிலில் போகிறவர்கள் எல்லாம் அவருக்கு இளப்பமாகிப் போனார்கள்.

பெற்றோர் போன பிறகு, மதுரையில் வாழ்க்கைப்பட்ட தங்கை மிருதுளாவுக்குப் பிறந்த வீடு என்றால் இந்த ஒரே அண்ணன்தான். அவள் வாசற்படியை அவர் மிதித்து வருடங்கள் ஆகின்றன. "ஃப்ளைட்ல ஒரு மணி நேரம், நினைச்சா வந்துடுவேன்" என்பார். நினைக்கத்தான் இல்லை. பக்கத்தில் இருப்பதையே வராததற்குக் காரணமாக்கிக்கொண்ட மனிதர்.

குழந்தை ஸஹானாவுக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும்.

"உங்க வீட்லேர்ந்து யாராவது வருவாங்களா, இல்ல இதுக்கும் போன்லதான் ஆசீர்வாதமா?" என்றாள் மாமியார்.

"எங்கண்ணா வருவார் அத்தை." அந்த ஒரு வாக்கில் மிருதுளாவின் மானம் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே கூடுவாஞ்சேரியில் அவர் மனைவி நாகலக்ஷ்மி, "முந்தின ராத்திரி தாம்பரத்துல ரயில் ஏறிட்டா விடியறப்ப மதுரை" என்றாள்.

"ராத்திரி பூரா குலுங்கிட்டுப் போகவா? வானத்துல நானூறு கிலோமீட்டர் சொச்சம். காலைல காபி குடிச்சிட்டுக் கிளம்பிப் போய் இறங்குவேன்."

"ஏர்போர்ட்டுக்கும் பறந்தா போவீங்க?"

பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவர் கணக்கில் விமானம் காற்றில் இருக்கும் நேரம் மட்டுமே உண்டு. ஜிஎஸ்டி சாலை இல்லை, சோதனை வரிசை இல்லை. காதுகுத்து அன்று காலை பெருங்களத்தூரில் வண்டிகள் நகரவில்லை. மீனம்பாக்கம் போனபோது கவுண்டரை மூடியிருந்தார்கள். "ஃப்ளைட் இன்னும் கிளம்பலையேம்மா" என்று அங்கிருந்த பெண்ணிடம் மல்லுக்கு நின்றுவிட்டு, அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுத்தார்.

மதுரையில் காது குத்த வந்த பத்தர் தங்கக் கம்பியோடு காத்திருந்தார். நல்ல நேரம் முடியப் போகிறது. மாமியார் மிருதுளாவைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பதில் அறைந்திருக்கலாம். கணவன் கதிரேசன் தன் நண்பனை மணையில் உட்காரச் சொன்னான். மிருதுளா சம்மதிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே உட்கார்ந்து குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"குத்துங்க பத்தரே. என் பிறந்த வீட்டுக்கு நான் இருக்கேன்."

இலை போடும் நேரத்தில் தட்டும் தோடுமாக ஷ்யாம்சுந்தர் வந்தார். "டிராஃபிக், மிருது. மத்தபடி ஃப்ளைட் கரெக்டா ஒரு மணி நேரம்தான்." கொஞ்சமும் கூசவில்லை. நேரே போய் மணையில் உட்கார்ந்து, சட்டையை நீவிவிட்டுப் போட்டோகிராபரைக் கூப்பிட்டார்.

"பாப்பாவை மடியில குடு. ஒரு போட்டோ எடுத்துக்கலாம். பார்க்கிறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

அழுது ஓய்ந்திருந்த குழந்தையை மிருதுளா அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எழுந்திருங்கண்ணா. மணையை எடுக்கணும், பந்தி போடறாங்க."